செம்பாவின் பெட்டியில் நட்ட பெரணி

அந்த வயரைக் காதிலிருந்து கொஞ்சம் எடுங்க அம்மிணி. பாட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது. சிங்காநல்லூர் போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். பாப்பா வேற உங்க துப்பட்டாவைப் பிடிச்சுட்டா. இவ பிடிச்சா விடமாட்டா. அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா.

அம்மிணின்னு கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல? எங்க பக்கம் அப்படித்தான். கழுத்துல அட்டை மாட்டியிருக்கீங்க, வேலைக்குப் போறவங்கன்னு தெரியுது. கல்யாணம் ஆயிடுச்சா? சும்மாதான் கேட்டேன்.

இந்தப் பையை உங்க கால் பக்கத்துல வெச்சுக்கறேன், மிதிச்சுடாதீங்க. உள்ளே தட்டு இருக்கு. வெத்தலை, பாக்கு, பூ, பழம், ஒரு வேட்டி சட்டை. என் தம்பியை அழைக்கப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு எங்க குலதெய்வம் கோயில்ல மொட்டை எடுத்துக் காது குத்தறோம். மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும். எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லை. அவன் வரலைன்னா ஊர்க்காரங்க முன்னாடி என் பிள்ளை யார் மடியில உக்காரும், நீங்களே சொல்லுங்க.

வர்றேன்னுதான் சொல்றான். முந்தாநாள் போன்ல சொன்னான். "அக்கா, நான் வர்றேன். பாப்பாவை மடியில வெச்சுக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ நேர்ல வந்து என் மூஞ்சியைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லணும். செம்பா செத்தது உன்னாலதான்னு சொல்லணும்."

செம்பான்னா யாருன்னு நினைக்கறீங்க? ஏதோ பொண்ணுன்னு நினைச்சுட்டீங்களா? நல்லா நினைச்சீங்க போங்க. பொண்ணா இருந்தா நானே முன்னாடி நின்னு கட்டி வெச்சிருப்பேன். செம்பாங்கறது பூச்சி. எட்டுக்கால் பூச்சி. டரான்டுலாவாம். நம்ம வீட்டு மூலையில வலை கட்டுதே, அது மாதிரி இல்லை. என் உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம், கறுப்பு. கால் முட்டியில மட்டும் செங்கல் கலர்ல வளையம் வளையமா. பெங்களூர்ல ஒரு சிநேகிதன் குடுத்தானாம். இவனுக்கு ஊரு உலகத்துல வேற எதுவும் கிடைக்கலை.

என் தம்பி பேரு நவநீதன். கம்ப்யூட்டர் வேலை, வெளிநாட்டுக் கம்பெனிக்கு. ராத்திரியெல்லாம் வேலை செய்வான், காலையில படுத்தா மத்தியானம்தான் எழுந்திருப்பான். கோயம்புத்தூர்ல கண்ட ஓட்டல்ல தின்னு வயித்தைக் கெடுத்துக்கறான்னு நான்தான் கூட்டிட்டு வந்து தாராபுரத்துல எங்க வீட்டுல வெச்சுக்கிட்டேன். பாப்பா பிறந்து எட்டு மாசம் அப்போ. ஒரு தோள்ல பை, கையில மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. நான் மீன்னுதான் நினைச்சேன்.

"மீன் எங்கடா?"

"மீன் இல்லக்கா. கத்தாத, என்ன?"

நான் எங்க கத்தினேன். கத்தினது எங்க வீட்டுக்காரர். அந்த மனுஷன் கட்டில் மேலே ஏறி நின்னுட்டார். தறி ஓட்டற மனுஷன், ஆறடி உசரம்.

நான் அப்பவே சொன்னேன், கைக்குழந்தை இருக்கற வீட்டுல இது வேண்டாம்டா சாமி, எங்கேயாவது குடுத்துடுன்னு. கேட்டாத்தானே. மூடியில பூட்டு போட்டிருக்கானாம், அது யாரையும் ஒண்ணும் செய்யாதாம், கடிச்சாலும் தேனீ கொட்டின மாதிரிதான் இருக்குமாம். என்னமோ தினம் கடி வாங்கிப் பழகினவன் மாதிரி. சரி, தம்பியாச்சேன்னு விட்டேன். அவன் அறையில மேஜை மேலே வெச்சுக்கிட்டான்.

அந்தப் பெட்டிக்குள்ள ஒரு செடி வெச்சிருந்தான். பிளாஸ்டிக் செடி. பச்சையா, தூசி பிடிச்சு, கல்யாண மண்டபத்து வாசல்ல மாட்டுவாங்களே, அந்த இலை. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பூச்சியைக்கூடப் பொறுத்துக்குவேன், பிளாஸ்டிக் செடியை மட்டும் என்னால பொறுக்கவே முடியாது.

ஏன்னா நான் நாத்துப் பண்ணையில வேலை செஞ்சவ. பத்தாவது முடிச்சுட்டு மூணு வருஷம். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்து வரைக்கும்தான் இருந்துச்சு, அதுக்கு மேலே படிக்கணும்னா பஸ் ஏறணும், நவநீதனைப் பார்த்துக்க ஆள் இல்லை, அவன் படிக்கட்டும்னு நான் பண்ணைக்குப் போயிட்டேன். குழித்தட்டு பார்த்திருக்கீங்களா? கறுப்புத் தட்டு, தொண்ணூத்தெட்டு குழி. நார்க்கழிவை, அதாங்க தேங்காய் நார்ல இருந்து வர்ற தூளை, குழியில ரொப்பி ஒரு குழிக்கு ஒரு விதை. தக்காளி, மிளகாய், கத்திரி. நார்க்கழிவு வெளுத்துப் போனா தண்ணி கேக்குதுன்னு அர்த்தம். கறுப்பா இருந்தா குடிச்சிருக்குன்னு அர்த்தம். ஓனர் என்ன சொல்வார் தெரியுமா, "இந்தப் புள்ள கண்ணுல பட்டா ஒரு நாத்து வாடாது"ம்பார். என் வாயால நான் சொல்லக் கூடாது.

நவநீதன் பெட்டிக்குள்ள கீழே ரொப்பியிருந்தானே, அது என்னன்னு நினைக்கறீங்க? அதே நார்க்கழிவு. வெளுத்துப் போய், சுக்காக் காஞ்சு கிடந்துச்சு.

"ஏன்டா, இதுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே."

"அதுக்கு அப்படித்தான் இருக்கணும். இது காஞ்ச நிலத்துல வாழற ரகம். குடிக்கறதுக்கு அந்தக் கிண்ணத்துல தண்ணி இருக்கு பாரு."

"செடி?"

"செடி அழகுக்கு. அதுக்குச் செடி பத்தியெல்லாம் கவலை இல்லை."

செடியைப் பத்திக் கவலை இல்லாத ஜீவன் ஏதாவது உண்டா அம்மிணி? ஒரு வாரம் சொன்னேன். சோறு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன், அவன் வேலையில இருக்கும்போது கதவைத் திறந்து சொன்னேன். கடைசியில, சரிக்கா, உசுரு செடி வெச்சுக்கோ, தண்ணி கேக்காத செடியா வை, மருள் மாதிரி ஏதாவது வைன்னான். மருளாம். கத்தி கத்தியா நிக்கும், அதுல என்ன அழகு இருக்கு. நான் எங்க தோட்டத்துக் கிணத்துச் சுவத்துல இருந்து பெரணி பிடுங்கிட்டு வந்தேன். நல்ல குருத்துப் பெரணி, சீப்பு மாதிரி இலை. அவன் பார்த்துட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டான்.

"இதுக்கு ஈரம் வேணுமேக்கா."

"ஈரம் நான் பார்த்துக்கறேன்."

"அதான் பயமா இருக்கு."

அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சான். டீ குடிக்கற மண் குவளை இருக்கே, அதுல பெரணியை நட்டு மூலையில புதைச்சு வைக்கறது. தண்ணி குவளைக்குள்ள மட்டும். வெளியே காய்ஞ்சே இருக்கணும். பாப்பாவுக்கு மருந்து ஊத்தற பிளாஸ்டிக் ஊசியால, ஊசி இல்லாத ஊசி, அதால நாளைக்குப் பத்து சொட்டு. செம்பாவை ஒரு டப்பாவுல தள்ளி மாத்தி வெச்சான், நான் கையை விட்டு நட்டேன். அந்தப் பெட்டி மூஞ்சியே மாறிப் போச்சு. சத்தியமாச் சொல்றேன், கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

படம் எடுத்துப் போட்டான். இந்தப் பூச்சி வளர்க்கறவங்க எல்லாம் ஒரு கூட்டம் வெச்சிருக்காங்க போன்ல. ஆயிரத்துச் சொச்சம் பேரு ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்க. எந்த ஊருச் செடி, எப்படி வெச்சீங்க, அழுகாதான்னு கேள்வி. கீழே இவன் என்ன எழுதியிருக்கான்? 'என் மேஜையில ஒரு குட்டிக் காடு.'

"ஏன்டா, காடு யாரு வெச்சது?"

"அக்கா, அதுலெல்லாம் யாரும் அக்கா பேரு போட மாட்டாங்க."

சரி, போடாத. எனக்கு என்ன அதனால. நான் அதை அப்பவே மறந்துட்டேன்.

ஆனா அந்தப் பூச்சிக்கு என்னைப் பிடிக்கலை பாருங்க. நான் நட்டதை விடியறதுக்குள்ள தோண்டிப் போட்டிருக்கும். பெரணி ஒரு பக்கம் வேர் தெரிஞ்சு கிடக்கும், இது குவளைக்குள்ள மகாராணி மாதிரி உக்காந்திருக்கும். நவநீதன் அதை டப்பாவுல மாத்துவான், நான் மறுபடி நடுவேன், மறுபடி பிடுங்கும். அது மண்ணைத் தோண்டற ஜாதி, அதோட குணம் அப்படின்னான் நவநீதன். குணமாவது ஒண்ணாவது. வேணும்னே செஞ்சுச்சு. எனக்குத் தெரியும். ஒரே வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தா தெரியாதா.

நாலு நாள் பிடுங்கிச்சு, அஞ்சாம் நாள் விட்டுடுச்சு. நான் ஜெயிச்சேன். பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போய், "என்னடி, அடங்கிட்டியா"ன்னு கேட்டேன்.

அந்தப் பத்து சொட்டு இருக்கே அம்மிணி. பத்து சொட்டு. நான் பூவாளியைத் தூக்கினா அம்பது தட்டு நனைச்சுட்டுத்தான் கீழே வைப்பேன். எங்கிட்ட மருந்து ஊசியைக் குடுத்துப் பத்து சொட்டுங்கறான். தினம் காலையில அறையைக் கூட்டப் போவேன், இவன் போர்த்திக்கிட்டுத் தூங்குவான், அந்த நார்க்கழிவு வெளுத்துப் போய் என்னைப் பார்க்கும். என்னால எப்படிச் சும்மா இருக்க முடியும்? மூடி சல்லடை மாதிரி ஓட்டை போட்டது. திறக்கவே வேண்டாம். மேலே இருந்து ஒரு டம்ளர் ஊத்தினா மழை பெய்யற மாதிரி எல்லா இடத்துலயும் சமமா இறங்கும். ஒரே நிமிஷத்துல கறுத்துடும். வாசனை வரும் பாருங்க, பண்ணை வாசனை.

ஊத்தினதும் செம்பா என்ன செய்யும் தெரியுமா? கண்ணாடியில ஏறும். ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு மேலே மேலே வந்து, எட்டுக் காலையும் விரிச்சுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா நிக்கும். வயித்துப் பக்கம் தெரியும். பாப்பா கையைத் தட்டுவா. எனக்கு முதல் நாள் திக்குன்னு இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. தண்ணி குடுத்தவங்களைப் பார்க்க வருது, வேற என்ன. பிடுங்கிப் போட்ட கழுதை, இப்போ என்னைக் கண்டதும் ஓடி வருது. நவநீதன்கிட்ட ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. அவன் தொட்டாத் திரும்பி உக்காந்துக்கும். அவன்கிட்ட நான் சொன்னப்ப அவன் முகம் மாறிடுச்சு.

"அக்கா, அது உன்னைப் பார்க்க வரலை. கீழே ஈரம். காலுக்கு ஈரம் ஆகாம தப்பிச்சு ஏறுது. நீ தண்ணி ஊத்தறியா?"

"நான் எங்கடா ஊத்தறேன். பத்து சொட்டு."

"அதுக்கு உடம்பு கனம்க்கா. மரத்துல ஏறற ரகம் இல்லை. ஒரு சாண் உசரத்துல இருந்து விழுந்தாப் போதும், வயிறு பிளந்து செத்துடும். தக்காளிப் பழம் விழுந்த மாதிரி."

"சாண் உசரத்துல விழுந்து சாகற ஜீவனை எவன்டா வளர்ப்பான்."

அன்னிக்கு மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டு மறுபடி காய்ஞ்சது ரொப்பினான். எனக்கு ஒரு வாரம் பொறுமை இருந்துச்சு. பெரணி நுனி பழுப்பு அடிச்சுது, அதோட போச்சு பொறுமை. பெரணி வாடினா யாரு பேரு கெடும்? ஆயிரம் பேரு பார்க்கற பெட்டி அது.

அவனைப் பத்தி நான் தப்பாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. தங்கமான பையன். ஆனா பேச்சே இல்லை. நான் பாசமா ஏதாவது சொன்னாப் போதும், மொட்டை மாடிக்கு ஏறிடுவான். ரெண்டாவது தோசை வெச்சா மாடி. தலைக்கு எண்ணெய் வெச்சு விட வந்தா மாடி. ஒரு நாள் காங்கேயத்துல இருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்களை வரச் சொல்லிட்டேன், அவனுக்குச் சொல்லலை, சொன்னா வேண்டாம்பான். அவங்க வந்து உக்காந்து காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்திருந்தான். சின்ன வயசுல இருந்து அப்படித்தான், வெக்க சுபாவம்.

பல்லடம் வந்துடுச்சா? இல்லை, இன்னும் இருக்கு. இந்தாங்க, கொய்யாப்பழம் சாப்பிடுங்க. வேண்டாமா? எங்க தோட்டத்துதுங்க. வேண்டாம்னா எப்படி, ஒண்ணாவது எடுத்துக்கோங்க. பையில வெச்சுக்கோங்க.

எங்க விட்டேன்? இன்னொண்ணு சொல்லலையே, ஒரு சீட்டு. இதைக் கேளுங்க. ஒரு நாள் காலையில கூட்டப் போறேன், மூடி மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. கொட்டை எழுத்துல. 'தண்ணீர் ஊற்றாதே.' யாருக்கு எழுதியிருக்கான்? அந்த வீட்டுல இருக்கறது மூணு பெரிய மனுஷங்க. அவன் எழுதினவன். எங்க வீட்டுக்காரர் அந்த அறைப் பக்கமே போக மாட்டார். அப்போ எனக்குத்தான். ஊற்றாதேவாம். ஊற்றாதீங்கன்னுகூட இல்லை. அக்கான்னு ஒரு எழுத்து இல்லை. வேலைக்காரிக்கு எழுதற மாதிரி. இவன் எழுதப் படிக்கணும்னு நான் பத்தாவதோட நின்னேன். நான் நின்னதாலதான் அவன் எழுத்து இவ்வளவு அழகா இருக்கு. அந்த எழுத்தை எங்கிட்டயே காட்டறான்.

என்னால அன்னிக்கு அடுப்படியில நிக்க முடியலை. பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டேன், டம்ளரை எடுத்தேன், அந்தச் சீட்டு மேலேயே ஊத்தினேன். மை கரைஞ்சு ஓடிச்சு. ஒரு டம்ளர் ஊத்தினேன். திரும்பப் போய் இன்னொரு டம்ளர் பிடிச்சுட்டு வந்து ஊத்தினேன். இவன் குறட்டை விட்டுக்கிட்டுத் தூங்கறான்.

செம்பா வழக்கம்போல ஏறிச்சு. அன்னிக்கு ரொம்ப வேகமா ஏறிச்சு. மேலே சல்லடை வரைக்கும் வந்துடுச்சு. சல்லடையில நகம் மாட்டிக்கிச்சு போல, ரெண்டு கால் மட்டும் பிடிச்சுத் தொங்குது. பாப்பாவுக்கு ஒரே குஷி, கண்ணாடியைப் பட்டு பட்டுன்னு தட்டறா. நானும் சும்மா, "எங்கடி ஓடறே"ன்னு ஒரு தட்டு தட்டினேன். விளையாட்டுக்கு. அவ்வளவுதான். விழுந்துடுச்சு.

நேரா அந்தக் குவளை விளிம்பு மேலே. நான் நட்டுக் குடுத்த குவளை. சத்தம்னு பெரிசா ஒண்ணும் இல்லை. ஈரத்துணி விழற மாதிரி. அப்புறம் பார்க்கறேன், வயித்துல இருந்து தண்ணியா ஏதோ வருது. ரத்தம் மாதிரி சிவப்பு இல்லை, வெளிறின நீலம் மாதிரி. காலை ஒவ்வொண்ணா மடக்குது.

நான் ஒண்ணும் பார்த்துக்கிட்டு நிக்கலை. பூட்டுச் சாவி ஆணியில இருந்துச்சு, திறந்தேன். அடுப்படிக்கு ஓடி மஞ்சள்தூள் எடுத்துட்டு வந்து ஒரு கை அள்ளி வெச்சு அமுத்தினேன். எந்தக் காயமானாலும் மஞ்சள் வெச்சா ரத்தம் நிக்கும். என் விரலாலதான் அமுத்தினேன், கையில எடுத்து. மெத்துன்னு இருந்துச்சு. அதுவரைக்கும் நான் அதைத் தொட்டதே இல்லை.

அவன் எழுந்து உக்காந்திருக்கறதை நான் பார்க்கலை. "அக்கா"ன்னான். திரும்பினேன். என் கையில மஞ்சள் பூசி செம்பா கிடக்கு.

"விழுந்துடுச்சுடா. தானா விழுந்துடுச்சு. அதுவா ஏறி அதுவா விழுந்துச்சு."

"தண்ணி ஊத்தினியா?"

"இல்லை."

அவன் கட்டிலை விட்டு இறங்கி வந்து பெட்டிக்குள்ள ஒரு விரலை விட்டான். நடுவிரல் முழுசாப் போச்சு. எடுத்தான். விரல்ல சேறு. அந்த விரலைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தான். மூடி மேலே சீட்டு ஊறிப் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. திட்டியிருக்கலாம்ல? நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம், சாயங்காலம் பணியாரம் சுட்டுக் குடுத்திருப்பேன். செம்பாவை என் கையில இருந்து வாங்கிட்டான். மஞ்சளைத் துடைச்சான். டிஷ்யூ பேப்பர் எடுத்து, பாப்பாவுக்கு நான் மூக்குத் துடைக்கற மாதிரி, ஒவ்வொரு காலாத் துடைச்சான். அன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்குப் போயிட்டான். சாப்பிடாம போனான் அம்மிணி. குழம்பு வெச்சிருந்தேன்.

நாலு மாசம் ஆச்சு. கோயம்புத்தூர்ல மூணாவது மாடியில தனியா இருக்கான். வாரம் ஒரு தடவை போன் பண்ணுவான், பாப்பாவைக் காட்டுன்னு சொல்லுவான், பாப்பாகிட்டப் பேசிட்டு வெச்சுடுவான். நான் போனைப் பக்கத்துல வாங்கினா லைன் போயிடும். அது எப்படி எனக்கு மட்டும் லைன் போகுது?

காது குத்துக்கு நாள் குறிச்சுட்டுக் கூப்பிட்டா, இதைச் சொல்லணுமாம். நேர்லயாம். மூஞ்சியைப் பார்த்தாம். எங்க வீட்டுக்காரர் சொல்றார், "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடேன்"னு.

"நீங்க வந்து சொல்லுங்களேன்"னேன்.

"நானாடி ஊத்தினேன்?"

பேச வந்துட்டார். கட்டில் மேலே ஏறி நின்னவர்.

சரி, வேற ஆள் பார்க்கலாம்னு நினைச்சேன். சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான், மூலனூர்ல. அவனும் மாமன் முறைதான். அவன் மடியில வெச்சா சட்டப்படி தப்பு இல்லை. ஆனா அவன் பாப்பா பேரை இன்னும் சரியாச் சொல்லத் தெரியாதவன். மகிழினின்னு சொல்லுடான்னா மல்லிகாங்கறான். காதுல ஊசி இறங்கறப்ப அழுவா, அப்போ யார் மூஞ்சியைப் பார்ப்பா? நவநீதன் பக்கத்துல வந்தா இவ எங்கிட்ட வரமாட்டா, அது தெரியுமா உங்களுக்கு. நாலு மாசமா மாமன் அறைக்கதவைத் தட்டிட்டுத்தான் தினம் தூங்கறா.

என்ன கேட்டீங்க? சொன்னா என்ன குறைஞ்சுடுமா?

நல்லாக் கேட்டீங்க. நீங்களும் அவங்க பக்கம்தானா. குறையாது. சொல்லலாம். ஆனா இப்போ வரைக்கும் அது தானா ஏறித் தானா விழுந்தது. நான் சொல்லிட்டேன்னு வைங்க, அப்புறம் அதை நான்தான் கொன்னதா ஆயிடும்ல?

அது மட்டும் இல்லை. ஒண்ணைச் சொன்னா அடுத்தது கேப்பான். எத்தனை டம்ளர்க்கான்னு கேப்பான். அவனை எனக்குத் தெரியும். ஏன் ஊத்தினேன்னு கேப்பான். பெரணிக்காகன்னு சொல்லுவேன். பெரணிக்கு ஒரு டம்ளர் போதுமேம்பான். ரெண்டாவது எதுக்குன்னு கேப்பான். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நானே தேடிப் பார்த்துட்டேன். ரெண்டாவது டம்ளர் பெரணிக்கு இல்லை.

விடுங்க. சூலூர் தாண்டிட்டோம் போல. பாப்பா, மூஞ்சியைத் துடைச்சுக்கோ, வாயெல்லாம் கொய்யா.

அவன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறேன்னு சொல்லியிருக்கான். வீட்டுக்கு வான்னு சொல்லலை பார்த்தீங்களா. அங்கேயே சொல்ல வெச்சு அங்கேயே முடிச்சு அனுப்பிடலாம்னு நினைக்கறான். சாப்பிட்டியாக்கான்னு ஒரு வார்த்தை கேப்பானா பார்க்கறேன்.

அதோ. அந்தக் கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. அதான் நவநீதன். இளைச்சுட்டான். சட்டை இஸ்திரி போடலை. நம்மளைத்தான் தேடறான்.

அம்மிணி, ஒரு உதவி. ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்குங்க. நல்லா தூக்குங்க. பாப்பாவைப் பிடிங்க, இடுப்போட சேர்த்துப் பிடிங்க, அப்படித்தான். அவன் பக்கத்துல வந்ததும் நீட்டுங்க. குழந்தையைக் கையில வாங்கிட்டான்னா அப்புறம் மாட்டேன்னு எப்படிச் சொல்வான்? டேய் நவநீதா, இங்கடா. பிடி, பாப்பாவைப் பிடி. கூட்டமா இருக்கு, முதல்ல இவளை வாங்கு.

வாங்கிட்டான். பார்த்தீங்களா, கழுத்தைக் கட்டிக்கிட்டா. நான் சொன்னேன்ல. பொட்டு அழிஞ்சாலும் பரவாயில்லை. அவனும் சிரிக்கறான். இல்லை, இவளைப் பார்த்துச் சிரிச்சுட்டு இந்தப் பக்கம் பார்க்கறப்ப நிறுத்திட்டான்.

என்ன கேக்கறான்? கேக்குது, கேக்குது. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. சொல்லப் போறியாக்கா, இல்ல, பாப்பாவைத் திருப்பிக் குடுக்கட்டுமாங்கறான். பிள்ளையை நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டே கேக்கறான் பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்.

நீங்க இங்கதானே இறங்கறீங்க? அப்போ ஒண்ணு பண்ணுங்க அம்மிணி. உங்ககிட்ட நான் சொன்னேன்ல, ரெண்டு டம்ளர்னு. சீட்டு மேலே ஊத்தினேன்னும் சொன்னேன். கண்ணாடியைத் தட்டினதையும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? யாருக்கும் இதுவரைக்கும் சொன்னதில்லை, எங்க வீட்டுக்காரருக்குக்கூட. அதை அப்படியே போய் அவன்கிட்டச் சொல்லிடுங்க. ரெண்டாவது டம்ளர் பெரணிக்கு இல்லைன்னு அக்கா சொன்னாங்கன்னு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும், அதுதான் அவன் கேட்டது. உங்க மூஞ்சி நல்ல மூஞ்சி.

தட்டுப் பை இருக்கட்டும், நான் எடுத்துக்கறேன். நீங்க முன்னாடி இறங்குங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன், கண்டக்டர் கத்தினா கத்தட்டும். சொல்லி முடிச்சுட்டு இந்த ஜன்னலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுங்க. அப்புறம் இறங்கறேன்.